மூட்டை ஆடி நிற்கும் நேரம்

“போர்டு லேட்டா வருதுங்க மேடம்” என்று எஸ்டேட் சூப்பர்வைசர் போனில் சொன்னபோது, குன்னூரில் என் கடைக்குள் யாருடைய வீட்டு இன்வெர்ட்டரையோ பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். மழை விடவில்லை. இடுப்பு வலி. கீழ் கோத்தகிரிப் பக்கம் போய்வர வேண்டும் என்றால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். “எவ்வளவு லேட்டுங்க?” என்று கேட்டேன். “அது சொல்லத் தெரியலைங்க. லேட்டா வருது, அவ்வளவுதான்” என்றார். பழுது பார்க்கிறவர்களுக்கு இதைவிட எரிச்சலூட்டும் பதில் கிடையாது.

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் புதிதாக ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். முக்காலியில் ஒரு கொக்கி தொங்கும். கொழுந்து மூட்டையை அதில் மாட்டினால், கொக்கிக்கு மேலே இருக்கும் சின்னப் பெட்டி எடையை எடுத்து, அதற்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சில்லு வழியாக ஒரு கேபிளில் லேப்டாப்புக்கு அனுப்பும். லேப்டாப்பில் பெயருக்கு நேராக எடை ஏறும், சுவரில் இருக்கும் போர்டிலும் அதே எடை சிவப்பு எழுத்தில் பெரிதாகத் தெரியும். பெட்டிக்கு முகம் கிடையாது. எடையைப் பார்க்க வேண்டும் என்றால் போர்டைத்தான் பார்க்க வேண்டும்.

இதை அமைத்தது நான் இல்லை. சமவெளியிலிருந்து யாரோ ஓர் இளைஞர் வந்து எல்லாவற்றையும் மாட்டி, சில்லுக்குள் நிரலை எழுதிவைத்துவிட்டு, வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். போனை எடுப்பதில்லை. அடுத்தவர் எழுதிய நிரலைத் திருத்துவது என்பது அடுத்தவர் சமையலறையில் உப்பைத் தேடுவது மாதிரி. டப்பா எல்லாம் இருக்கும், எதிலும் எழுதியிருக்காது.

முதல் தடவை போனேன். கோத்தகிரியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து, அது வளைந்து வளைந்து இறங்கி, என் வயிற்றை ஒருவழியாக்கிவிட்டு நின்றது. கொட்டகையில் அப்போது யாரும் இல்லை, பெண்கள் எல்லாம் மேலே தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய, யாரையும் நேராகத் திட்டாத மனிதர். எடைக்கல்லைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டினார். போர்டு சும்மா இருந்தது. கழற்றி மறுபடி மாட்டினார். எடை சரியாக வந்தது. மறுபடி மாட்டினார், வந்தது. எத்தனை தடவை மாட்டினாலும் சரியாக, உடனே வந்தது.

“முதல் தடவை மட்டும் தூங்கிட்டு இருக்குமுங்க. அதனால முதல் ஆளோட மூட்டையை ரெண்டு தடவை மாட்டிருவோம். ரெண்டாவது தடவை முழிச்சுக்கும்” என்றார்.

“அப்புறம் என்னங்க பிரச்சினை?”

“அப்புறமும் என்னமோ சரியில்லைங்க. பொம்பளைங்க சண்டை போடறாங்க. ஃபாக்டரியில நிறுத்தாலும் நம்ம கூட்டுத்தொகைக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன வருது. ஆபீஸ்ல என்னைத்தான் கேக்கறாங்க.”

தூங்குகிறது என்றால் எனக்குத் தெரிந்த காரணங்கள் உண்டு. கேபிளுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் இருக்கும் யு.எஸ்.பி. மாற்றி சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்தப் படுத்துக்கொள்ளும். அதைப் படுக்காதே என்று மாற்றிவைத்தேன். சில மாற்றிகள் எழுத்துகளைக் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டு மொத்தமாக அனுப்பும். அதையும் குறைத்துவைத்தேன். கேபிள் நீளமாக இருந்தது, வெட்டிக் குட்டையாக்கினேன். எடைக்கல்லை மாட்டினோம். முதல் தடவை ஒன்றும் வரவில்லை, இரண்டாவது தடவை வந்தது.

“பரவாயில்லைங்க மேடம், முன்னைக்கு இப்ப வேகமா வருது” என்றார் சூப்பர்வைசர். அது முகதாட்சண்யத்துக்குச் சொன்னது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். டீ கொடுத்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொடுக்கும் டீ நன்றாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுபடி போன் வந்தது. இந்த முறை சில்லையும் மாற்றியையும் கழற்றி பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொன்னேன். கடையில் என் மேசை மேல் வைத்து, எழுத்துகள் வந்தபடியே காட்டும் எளிய திரையைத் திறந்து பார்த்தேன். தராசுக்குப் பதில் ஒரு சின்ன விசையை அழுத்தினால் சில்லு ஓர் எண்ணை அனுப்ப வேண்டும். அழுத்தினேன். அழுத்திய கணம் திரையில் எண் வந்து நின்றது. தாமதமே இல்லை. வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன், மாற்றியை மாற்றிப் பார்த்தேன். எப்படிச் செய்தாலும் உடனே வந்தது. என் மேசையில் ஒழுங்காக வேலை செய்யும் பொருளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். டாக்டர் முன்னால் மட்டும் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தை அது.

பழுது இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். அந்த வாரம் எல்லாமே அலுத்துப்போயிருந்தது. கடையின் தகரக்கூரை ஒழுகி, மேசையை இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டிருந்தேன். சரி, பெண்கள் எடை போடும் நேரத்திலேயே போய் உட்கார்ந்து பார்த்துவிடுவோம் என்று சில்லைப் பையில் போட்டுக்கொண்டு காலைப் பஸ்ஸில் கிளம்பினேன்.

மதிய எடைக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். பெட்டியை மாட்டி, கொட்டகை மூலையில் ஒரு ஸ்டூலில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். பெண்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். பிளாஸ்டிக் விரிப்பை இடுப்பில் சுற்றி, காதை மூடித் துண்டு கட்டி, எல்லோரும் நனைந்திருந்தார்கள். லேப்டாப் வைத்திருக்கும் பெண் என்றால் அவர்களுக்கு டீச்சர்தான். “டீச்சரு வந்திருக்காங்க, மெசினுக்குப் பாடம் சொல்லிக்குடுக்க” என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவள் முப்பது வயதுகூட இருக்காத பெண். மெலிந்த உடம்பு, சவரக்கத்தி மாதிரி வாய்.

வரிசை நின்றது. அது நின்ற விதம்தான் எனக்கு முதலில் விளங்கவில்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் ஒட்டி நிற்க, ஒரு பெண்மணி மட்டும் எல்லோருக்கும் கடைசியில், கொட்டகைக்கு வெளியே, தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தில் தனியாக நின்றார். சிவப்பு ஸ்வெட்டர். இடது மணிக்கட்டு கோணலாக இருந்தது. அவருக்குப் பிறகும் இரண்டு பேர் மேலிருந்து வந்தார்கள். வந்தவர்கள் அவருக்குப் பின்னால் நிற்கவில்லை, முன்னால் போய் நுழைந்துகொண்டார்கள். அவரும் அது வழக்கம்தான் என்பதுபோல் இரண்டடி பின்னால் நகர்ந்து முழு மழையில் நின்றார்.

“உள்ள வந்து நில்லுங்கக்கா” என்றேன்.

“இருக்கட்டும் டீச்சர். நனைஞ்சது நனைஞ்சதுதானே” என்றார்.

சூப்பர்வைசரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் கொஞ்சம் நெளிந்தார். “அவங்க மூணாம் வருசம் சரிவுல வழுக்கி விழுந்து கை முறிஞ்சுதுங்க. சேர்ந்தது சரியா சேரலை. கொழுந்து எடுக்கிறதுல கை ஓடாது. ஆனா எடை எப்படியோ சமாளிச்சுட்டு வர்றாங்க. பொம்பளைங்களுக்கு அவங்க மேல ஒரு இது. அவங்க பின்னாடி நின்னா எடை விழுந்துருதாம்.”

“விழுந்துருதா?”

“ராசியில்லைன்னு பேசிக்கிறாங்க. நான் சொல்லிப் பார்த்துட்டேன், கேக்க மாட்டேங்கறாங்க.”

வாய்க்காரப் பெண் காதில் இது விழுந்துவிட்டது. “ராசியெல்லாம் இல்லைங்க டீச்சர், கண்ணால பார்த்தது. போர்டு வந்த புதுசுல நான் அந்தக்கா பின்னாடி நின்னேன். முதுகு ஒடியச் சுமந்துட்டு வந்த மூட்டை. போர்டுல பாத்தா பாதிதான் இருக்கு. கேட்டா தண்ணிக்குக் கழிவுங்கறாங்க. தண்ணி எனக்கு மட்டுமா பேயுது? மறுநா வேற ஒருத்தி நின்னா, அவளுக்கும் அதே கதி. அப்புறம் யாரு நிப்பா?”

மழைக்காலத்தில் கொழுந்து ஈரமாக இருக்கும் என்று எடையில் கொஞ்சம் கழிப்பது தோட்டத்தில் உள்ள நடைமுறை. அதனால் முதுகு சொல்லும் எடைக்கும் போர்டு சொல்லும் எடைக்கும் வித்தியாசம் இருந்தால் யாரும் பெரிதாக ஆச்சரியப்பட மாட்டார்கள், முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். தவிர, வேகமாக எடுப்பவர்கள் சேர்ந்தே இறங்கி, சேர்ந்தே நிற்பார்கள். அவர்களுடைய எடை ஏறக்குறைய ஒன்றுபோல்தான் இருக்கும். இதையெல்லாம் பின்னால்தான் யோசித்தேன். அப்போது எனக்கு இவர்கள் ஒரு பெண்ணை மழையில் நிற்கவைத்திருக்கிறார்களே என்ற கோபம் மட்டும்தான்.

எடை தொடங்கியது. முதல் மூட்டையை மாட்டினார்கள், ஒன்றும் வரவில்லை, மறுபடி மாட்டினார்கள், வந்தது. இரண்டாவது மூட்டை. என் லேப்டாப்பில் எழுத்துகளை வந்தபடியே காட்டும் திரையையும், எஸ்டேட்டின் நிரல் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். என் திரையில் ஓர் எண் வந்தது. போர்டில் வேறு எண் வந்தது. முதல் மூட்டையின் எண்.

மூன்றாவது மூட்டை. என் திரையில் புது எண், போர்டில் இரண்டாவது மூட்டையின் எண். பெயருக்கு நேராக அதுவே ஏறியது. நான்காவதும் அப்படியே. போர்டு தூங்கவும் இல்லை, தாமதமாகவும் இல்லை. ஓர் ஆள் பின்தங்கியிருந்தது. ஒவ்வொருத்தியும் தனக்கு முன்னால் நின்றவளின் எடையைத் தன் எடை என்று பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். ஒரே எடைக்கல்லைத் திரும்பத் திரும்ப மாட்டிப் பார்த்தால் இது எந்தக் காலத்திலும் தெரியாது. கல்லுக்கு முன்னாலும் அதே கல்தான்.

காரணம் அற்பமானது. சில்லு ஓர் எடையை அனுப்பும்போது ‘வரி முடிந்தது’ என்று ஒரு குறியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்தக் குறி வந்த பிறகுதான் லேப்டாப் நிரல் அந்த எடையை எடுத்துக் காட்டும். அதுவரை கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். அந்த இளைஞர் குறியை எடைக்குப் பின்னால் வைக்காமல் முன்னால் வைத்துவிட்டார். ஒரு வாக்கியத்தின் முற்றுப்புள்ளியை அடுத்த வாக்கியத்தின் தலையில் வைத்த மாதிரி. அடுத்த மூட்டை மாட்டப்பட்டால்தான் முந்தைய எடை முடிந்ததாக நிரலுக்குத் தெரியும். என் மேசையில் இருந்த எளிய திரை எதற்கும் காத்திருக்காது, வந்ததை வந்தபடி காட்டிவிடும். அதனால்தான் அங்கே பழுதே தெரியவில்லை. இதற்காகவா இத்தனை பஸ் என்று இருந்தது.

கடைசியாகச் சிவப்பு ஸ்வெட்டர் அக்கா வந்தார். கோணல் கையால் மூட்டையைத் தாங்கி, நல்ல கையால் கொக்கியில் மாட்டினார். என் திரையில் அவருடைய எண் வந்தது. மற்றவர்களுடையதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். போர்டில் அவருக்கு முன்னால் நின்றவளின் முழு எடை வந்தது. பெயருக்கு நேராக அது ஏறியது. அவருடைய சொந்த எடைக்குப் பின்னால் இன்னொரு மூட்டை வரவில்லை, எனவே அது எங்கும் காட்டப்படாமல் போயிற்று.

முழு நாள் கூலியை அங்கே பேர் என்பார்கள். எடை குறைந்தால் அரைப்பேர். அந்த அக்கா எடையைச் சமாளித்துக்கொண்டு வருகிறார் என்று சூப்பர்வைசர் சொன்னாரே, சமாளித்தது இப்படித்தான். அவருக்குத் தெரிந்து செய்ததும் இல்லை. எல்லோரும் அவரைக் கடைசிக்குத் தள்ளினார்கள், அந்தக் கடைசி இடம் அவருக்கு முழுப்பேரைக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் குறியை இடம் மாற்றினால் அவருக்கு நாளையிலிருந்து அரைப்பேர். தொடர்ந்து அரைப்பேர் வாங்குகிறவர்களை ஆபீஸ் வைத்துக்கொள்ளாது என்று பேச்சோடு பேச்சாகச் சூப்பர்வைசர் முன்பே சொல்லியிருந்தார்.

எனக்கு மிகவும் களைப்பாக இருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் பெட்டியை மூடிவிட்டு, பிடிபடவில்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டால் என்ன என்று நிஜமாகவே நினைத்தேன். ஆனால் எடை குறைந்து திட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். மழையில் நிற்கவைக்கப்பட்டவரும் இருக்கிறார். தப்பான எண்ணைக் காட்டும் தராசை அப்படியே விட்டுவிட்டு வர என் கை ஒத்துக்கொள்ளாது. நல்ல குணம் என்று சொல்ல மாட்டேன், தொழில் புத்தி.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் வெளிறிவிட்டது. “ஆபீஸுக்குச் சொல்லணுமேங்க” என்றார். பெண்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள், அவர்களிடமும் நானே சொன்னேன். போர்டு முன்னால் நின்றவருடைய எடையைப் பின்னால் நின்றவருக்குக் காட்டிக்கொண்டிருந்தது, யாருடைய ராசியும் இதில் இல்லை, யார் மேலும் தப்பு இல்லை என்று.

“அப்ப இத்தனை நாளா எனக்குக் காட்டினது எவளோட எடை?” என்று வாய்க்காரப் பெண் ஆரம்பித்தாள். பிறகு அவளே கணக்குப் போட்டாள் போலிருக்கிறது, சட்டென்று நிறுத்திவிட்டாள். எல்லோரும் சிவப்பு ஸ்வெட்டரைப் பார்த்தார்கள். அவர் தூக்கை மூடினார்.

“நான் யாரையும் கேக்கலையே. மெசின் போட்டுச்சு, கணக்கப்பிள்ளை எழுதினார். எனக்குக் கொழுந்து கொஞ்சமாத்தான் இருக்கும்னு எனக்கே தெரியும். ஏதோ கழிவு இல்லாம போடுறாங்க, கையைப் பார்த்துப் பாவம்னு போடுறாங்கன்னு நினைச்சேன்” என்றார். பழைய இலங்கைத் தோட்டத்துப் பேச்சு இன்னும் அவர் வாயில் இருந்தது, சூப்பர்வைசரைக் கணக்கப்பிள்ளை என்றுதான் சொல்வார்.

அவர்கள் மறுபடி காட்டுக்குப் போனதும் நான் நிரலைத் திருத்தினேன். திருத்துவது என்ன, ஒரு குறியை எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தேன். வெவ்வேறு கனமுள்ள சாமான்களை, எடைக்கல், என் பை, உரச்சாக்கு என்று மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தோம். மாட்டிய கணம் அதனதன் எடை வந்தது. சூப்பர்வைசர் சின்னப் பிள்ளை மாதிரி தன் குடையை மாட்டிப் பார்த்தார். அதற்கும் வந்தது.

சாயங்கால எடைக்கு மழை விட்டு மேகம் இறங்கிவிட்டது. எதிரில் இருந்த சரிவே தெரியவில்லை. பெண்கள் வந்து வரிசையாக நின்றார்கள். சிவப்பு ஸ்வெட்டர் அக்கா வழக்கம்போல் வெளியே நிற்கப் போனார். வாய்க்காரப் பெண்தான் கூப்பிட்டாள். “அக்கா, உள்ள வா. எனக்கு முன்னாடி நில்லு.” குரலில் மன்னிப்பெல்லாம் ஒன்றும் இல்லை, அதட்டல்தான். அவர் வந்து நின்றார். அந்தப் பெண் அவரை ஒட்டிப் பின்னால் நின்றாள்.

ஒவ்வொரு மூட்டையும் மாட்டியவுடன் போர்டு எண்ணைக் காட்டியது. அந்த அக்காவின் முறை வந்தது. மாட்டினார். உடனே வந்தது, அவருடைய எடை. போர்டைப் பார்த்தார்.

“ஓ, இதுதானா என்னோடது” என்றார்.

அதே நேரம் பின்னால் நின்றவள் தன் மூட்டையின் வாயை அவிழ்த்து, இரண்டு கையும் நிறையக் கொழுந்தை அள்ளினாள். அள்ளிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தியும் முடிச்சை அவிழ்ப்பதைப் பார்த்தேன். சூப்பர்வைசர் தலையை அசைத்தார். “ஏறிருச்சும்மா. மாட்டின உடனே எடுத்துக்குது. இனிப் போட்டா ஏறாது” என்றார். அவள் கை நிறையக் கொழுந்தோடு அப்படியே நின்றாள்.

எனக்கு விளங்கவில்லை. சூப்பர்வைசர்தான் பிறகு சொன்னார். முன்பு கடிகாரம் மாதிரி வட்ட முகம் வைத்த தராசு இருந்த காலத்தில், மூட்டையை மாட்டினால் அது ஆடும், முள்ளும் ஆடும், நிற்க நேரம் எடுக்கும். முள் நிற்பதற்குள், எடை குறைந்தவளின் மூட்டையில் பக்கத்தில் நிற்பவர்கள் ஆளுக்கு ஒரு கை கொழுந்து போட்டுவிடுவார்கள். பிள்ளை பெற்று வந்தவளுக்கு, காய்ச்சலில் வந்தவளுக்கு, கை முறிந்தவளுக்கு. யாரும் யாரிடமும் கேட்பதில்லை. சூப்பர்வைசரும் அந்த நேரம் பார்த்து ஃபாக்டரிப் பக்கம் திரும்பி நிற்பார். போர்டு வந்த பிறகு அது நின்றுபோனது. அந்த அக்காவுக்குத்தான் போர்டு முழு எடை காட்டுகிறதே, அப்புறம் எதற்குக் கை போட வேண்டும்?

எடை முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். நான் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த அக்கா போகாமல் நின்றார்.

“டீச்சர், பழையபடி வச்சிர முடியாதா?”

அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை, அழுகையும் இல்லை. கடையில் துணி வாங்கும்போது வேறு கலர் இருக்கிறதா என்று கேட்பதுபோல் கேட்டார்.

“முடியாதுங்கக்கா. மத்தவங்களுக்குத் தப்பா வரும்.”

“தெரியும். சும்மாதான் கேட்டேன்” என்றார். ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரத்திலேயே மேகம் அவரை மறைத்துவிட்டது.

யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத ஒரு கோபம் வந்தது. தாமதத்தைச் சரிசெய்யத்தான் என்னைக் கூப்பிட்டார்கள், சரிசெய்துவிட்டேன். ஒருத்திக்கு ஒருத்தி உதவப் போதுமான நேரம்தான் இந்தத் தராசில் எங்குமே இல்லை. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சுற்றிய கேபிளைப் பிரித்து மறுபடி மாட்டினேன்.

“இன்னும் என்னங்க மேடம்?” என்றார் சூப்பர்வைசர்.

“தொங்கற மூட்டை ஆடிட்டு இருக்கும்போதே எடை எடுத்தா நூறு இருநூறு கிராம் தப்பா வரும்ங்க. ஆடி நின்னப்புறம் எடுக்கற மாதிரி வச்சுடறேன்.”

அது பொய் இல்லை. எந்தத் தராசுக்கும் அப்படித்தான் எழுத வேண்டும், அந்த இளைஞர் எழுதாமல் விட்டிருந்தார். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. நான் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். சூப்பர்வைசர் குடையை மாட்டிப் பார்த்தார். போர்டு வெறுமையாக இருந்தது. அவர் காத்திருந்தார். இன்னும் வெறுமையாக இருந்தது. பிறகு எண் வந்தது. அவர் என்னைப் பார்த்தார், ஃபாக்டரிப் பக்கம் பார்த்தார். “நல்லாருக்குதுங்க” என்றார்.

கோத்தகிரி போகும் பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி மூடவில்லை, தோளெல்லாம் நனைந்தது. ஒரு நல்ல காரியம் செய்த மகிழ்ச்சி எல்லாம் ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு கை போட்டால் எத்தனை நாளைக்கு எட்டும்? அந்த அக்காவின் மணிக்கட்டு இனி நேராகப் போவதில்லை. அடுத்த வருடம் ஆபீஸில் இன்னும் புத்திசாலித்தனமாக ஏதாவது வாங்கிவைப்பார்கள். அதில் நிரலைத் திருத்த என்னைக் கூப்பிடமாட்டார்கள்.

சில வாரம் கழித்து ஆபீஸிலிருந்து போன் வந்தது. பேசியவருடைய குரல் எனக்குப் பழக்கமில்லை. கணக்கெல்லாம் இப்போது ஃபாக்டரி எடையோடு ஒத்துப்போகிறது, நன்றி என்றார். பிறகு, “ஒண்ணே ஒண்ணுங்க மேடம். போர்டு இன்னும் கொஞ்சம் லேட்டா வர்ற மாதிரி இருக்கே. அதை வேகமாக்க முடியுங்களா?” என்று கேட்டார்.

“முடியாதுங்க. மூட்டை ஆடி நிக்கணும்” என்றேன்.

போனை வைத்துவிட்டுச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். எடை நேரம் போலிருக்கிறது, பின்னால் பெண்களின் பேச்சு கேட்டது. அந்தக் கை முறிந்த அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“வர்றாங்கங்க. சில நாளு அரைப்பேரு, சில நாளு பேரு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இருங்க மேடம், அவங்க மூட்டைதான் இப்ப தொங்குது” என்றார். போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, போர்டில் எண் வரும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.